மறைந்த கையும் மறையாத சின்னமும்

1

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு வெகுசன எழுத்தின் பக்கம் திரும்பியது. "எது தரமா இருக்கோ அது நிக்கும், மத்தது போயிடும். சூப்பர்மேன் நின்னுட்டான். அவனுக்கு முன்னாடி இருந்தவனெல்லாம் போயிட்டான். இதுல ஆராய்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் ஒருவர். 'மூலதன'த்தை வரி வரியாகப் படித்தவர் அவர். சந்தையில் ஜெயித்ததை இயற்கையின் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளும் மனசு நமக்குள்ளேயும் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அந்த யோசனையின் தொடர்ச்சிதான் இக்கட்டுரை.

அன்றைக்கு அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் இரும்புக்கை மாயாவி ஞாபகத்துக்கு வந்தான். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவன். எழுபதுகளின் தொடக்கத்திலேயே அங்கே அவன் கதை முடிந்துபோயிற்று. ஆனால் 1972-ல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். சொந்த ஊரில் பெரும்பாலோர் மறந்துபோன ஒருவனை இங்கே ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் பேர் சொன்னவுடன் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். முகமூடி அணிந்த பேண்டம் கதையும் இதேதான். லீ ஃபாக் அவனை 1936 பிப்ரவரியில், அதாவது சூப்பர்மேனுக்கு இரண்டு வருஷம் முன்பே, உடம்போடு ஒட்டிய உடையில் அமெரிக்கச் செய்தித்தாளில் இறக்கினார். இன்று அமெரிக்காவில் அவனுக்குப் பெரிய மவுசு கிடையாது; 1996-ல் எடுத்த படம் ஓடவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் ஸ்வீடனில் 1950 முதலும் அவனுக்கென்றே தனி இதழ் வருகிறது. நம்மூர் ராணி காமிக்ஸில் அவன்தான் முகமூடி வீரர் மாயாவி.

ஆக, 'நின்றான்', 'போனான்' என்பதெல்லாம் நாயகனின் தகுதியைப் பற்றிய செய்தி மட்டும் இல்லை. எந்தக் கடையில், யார் கையில், எந்த வடிவத்தில் இருந்தான் என்பதைப் பற்றிய செய்தியும்கூட. இதைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் இந்த நாயகர்கள் உற்பத்தியான இடத்துக்கே போக வேண்டும். அதாவது 1930களின் நியூயார்க்குக்கு.

2

பொருளாதாரப் பெருமந்தக் காலம். பத்து சென்ட் கொடுத்தால் ஒரு முழு நாவலும் சில சிறுகதைகளும் கிடைக்கும் பத்திரிகைகள் கடைகளில் தொங்கின. மரக்கூழில் செய்த மட்டரகத் தாளில், நம்மூர்ப் பேச்சில் சொன்னால் சாணித்தாளில் அச்சானவை. அந்தத் தாளின் பெயரே இந்த எழுத்துக்கும் ஒட்டிக்கொண்டு 'பல்ப்' என்றானது. அட்டை மட்டும் வழவழப்பு, கண்ணைப் பறிக்கும் வண்ணம். உள்ளே நெருக்கி அச்சடித்த எழுத்து.

இவற்றில் பேர்பெற்ற நாயகன் ஷேடோ. அவன் பிறந்த விதம் விசித்திரமானது. 31 ஜூலை 1930 அன்று ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பதிப்புக் கம்பெனி தன் துப்பறியும் பத்திரிகைக்கு விளம்பரமாக ஒரு வானொலி நிகழ்ச்சியை ஆரம்பித்தது. கதைகளை அறிமுகம் செய்கிற அமானுஷ்யமான குரலுக்கு 'ஷேடோ' என்று பேர் வைத்தார்கள். கதாபாத்திரம் கிடையாது, வெறும் குரல். கேட்டவர்கள் கடைக்குப் போய் அந்த துப்பறியும் பத்திரிகையைக் கேட்கவில்லை. 'ஷேடோ பத்திரிகை இருக்கா?' என்று கேட்டார்கள். இல்லாத பத்திரிகை! கம்பெனி சும்மா இருக்குமா? 1931 ஏப்ரலில் அப்படி ஒரு பத்திரிகையையே கொண்டுவந்துவிட்டது. எழுதப் பிடித்த ஆள் வால்ட்டர் கிப்ஸன், மாஜிக் தெரிந்த பத்திரிகைக்காரர். முதல் இதழுக்குப் புது அட்டைப்படம் போடச் செலவழிக்காமல் பழைய இதழ் ஒன்றின் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதில் சீனர் ஒருவர் இருந்தார், சுவரில் ஒரு நிழல் விழுந்திருந்தது. அந்தப் படத்துக்குப் பொருந்துவதற்காகவே கிப்ஸன் கதையில் ஒரு சீனச் சரடைக் கோக்க வேண்டியதாயிற்று.

பத்திரிகை சீக்கிரமே மாதம் இருமுறையாயிற்று. வருஷத்துக்கு 24 நாவல், ஒவ்வொன்றும் சுமார் ஐம்பதாயிரம் சொல். கணக்குப் போட்டால் வருஷத்துக்குப் பத்து லட்சம் சொல்லுக்கு மேல் ஒரே ஆள் தட்டச்சு செய்திருக்கிறார். மொத்தம் வெளிவந்த 325 ஷேடோ நாவல்களில் 282 கிப்ஸன் எழுதியவை. ஆனால் அட்டையில் இருந்த பெயர் 'மேக்ஸ்வெல் கிராண்ட்'. அது கம்பெனிக்குச் சொந்தமான பெயர். யார் எழுதினாலும் அந்தப் பெயர்தான். 1933 மார்ச்சில் அதே கம்பெனி கொண்டுவந்த டாக் ஸாவேஜின் 181 நாவல்களில் பெரும்பாலானவற்றை லெஸ்டர் டெண்ட் எழுதினார்; அட்டையில் 'கென்னத் ராபெஸன்'. போட்டிக் கம்பெனியின் 'ஸ்பைடர்' நாவல்களைப் பெரும்பாலும் எழுதியவர் நார்வெல் பேஜ். அட்டையில் 'கிராண்ட் ஸ்டாக்பிரிட்ஜ்'. தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறினாலும் இயந்திரத்தின் பெயர் மாறாது அல்லவா, அந்த மாதிரி.

3

சூப்பர்மேன் 1938-லும் பேட்மேன் 1939-லும் வந்தார்கள். ஆகாயத்திலிருந்து குதித்து வரவில்லை. டாக் ஸாவேஜின் முழுப்பெயர் கிளார்க் ஸாவேஜ். சூப்பர்மேனின் மாறுவேடப் பெயர் கிளார்க் கென்ட். அவன் வெண்கல மனிதன் என்றால் இவன் எஃகு மனிதன். வடதுருவத்தில் டாக் ஸாவேஜுக்கு இருந்த தனிமைக் கோட்டை 1958-ல் அதே பெயரோடு சூப்பர்மேனுக்கு வந்து சேர்ந்தது. பேட்மேனின் முதல் கதையை ஷேடோ கதை ஒன்றிலிருந்து எடுத்ததாக அதை எழுதிய பில் ஃபிங்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அது 1936-ல் தியடோர் டின்ஸ்லி எழுதிய ஒரு நாவல் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பகலில் பணக்காரச் சோம்பேறி, ராத்திரியில் பழிவாங்கும் கறுப்பு உருவம் என்ற அமைப்பு மொத்தமும் முன்னமே இருந்தது. 1973-ல் வந்த பேட்மேன் இதழ் ஒன்றில் ஷேடோவே வருகிறான். தனக்கு ஆதர்சம் நீதான் என்று பேட்மேன் அவனிடம் சொல்கிறான். கடன் வாங்கியவன் கடனை ஒத்துக்கொண்ட அபூர்வமான பக்கம் அது. ஒத்துக்கொள்ளும்போது கடன் கொடுத்தவனைப் பெரும்பாலோர் மறந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

எனவே 'புதுமை ஜெயித்தது' என்று சொல்ல முடியாது. பொருள் ஒன்றுதான், பாத்திரம்தான் வேறு.

4

வழக்கமாகத் தரப்படும் விடைகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

முதல் விடை: இவர்களுக்குச் சக்தி அதிகம், அதனால் கவர்ச்சி அதிகம். இது நிற்காது. பேட்மேனுக்கு அமானுஷ்யச் சக்தி ஒன்றும் கிடையாது. வானொலி ஷேடோவுக்கோ, கீழைநாட்டில் கற்றதாகச் சொல்லப்பட்ட வித்தையால் பிறர் மனத்தை மயக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தி இருந்தது. சக்தி இல்லாதவன் நின்றான், இருந்தவன் போனான்.

இரண்டாவது, உம்பர்ட்டோ ஈகோ 1962-ல் சூப்பர்மேன் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளைக்கும் விடை. சூப்பர்மேன் கதைகளில் காலம் கரைந்துபோகிறது, ஒவ்வொரு கதையும் முந்தையது நடக்காதது போலவே தொடங்குகிறது, நாயகன் கல்யாணம் செய்துகொள்வதில்லை, செலவாவதில்லை, எனவே சாவதும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அபாரமான அவதானிப்பு. ஆனால் ஷேடோவும் 325 நாவல்களில் ஒரு நரை கூடப் பெறவில்லையே! டாக் ஸாவேஜுக்கும் 16 வருஷத்தில் வயசாகவில்லை. காலத்தை உறைய வைக்கும் வித்தை சாணித்தாள் நாவல்களிலேயே கைவந்துவிட்ட ஒன்று. அதற்கும் பின்னால் போகலாம். நீட்சேயிய அதிமனிதன் என்று பேசப்படுவதில் பெரும்பகுதிக்கு மூலம் ஜராதுஷ்ட்ரா அல்ல, துமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபுதான் என்று கிராம்சி சிறைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தொடர்கதையின் நாயகன் எங்கும் சாகாவரம் பெற்றவன்தான். ஈகோ சொல்வது நாயகர்களின் பொது லட்சணத்தை விளக்குகிறது. ஒருவன் நின்று ஒருவன் மங்கியதை விளக்கவில்லை.

மூன்றாவது விடை நம் வட்டாரத்தில் அதிகம் எடுபடும்: பழைய நாயகர்கள் இனவெறியும் காலனியமும் ஊறியவர்கள், காலம் அவர்களைக் கழித்துக்கட்டியது. ஊறியவர்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஷேடோவின் பெரிய எதிரி ஷிவான் கான் என்ற ஆசியன். பேண்டம் ஆப்பிரிக்கக் காட்டில் கறுப்பர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நீதி வழங்கும் வெள்ளையன். டாக் ஸாவேஜ், பிடிபட்ட குற்றவாளிகளின் மூளையை அறுவை செய்து 'நல்லவர்'களாக்குகிறான். அதுவும் கதையில் கருணையின் உச்சமாகச் சொல்லப்படுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் சூப்பர்மேன் மட்டும் என்ன வாழ்ந்தான்? 1943 மார்ச் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' அட்டையில் ஜப்பானியரைக் கேவலப்படுத்தும் சுவரொட்டியை அச்சடித்துக்கொண்டிருக்கிறான். அது அவனைக் கழித்துக்கட்டவில்லையே?

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூப்பர்மேன் தொடக்கத்தில் இப்படி இருந்தவன் இல்லை. கிளீவ்லாண்டின் இரண்டு ஏழை யூத இளைஞர்கள், ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த அந்த முதல் வருஷச் சூப்பர்மேன் கிட்டத்தட்ட ஒரு கலகக்காரன். பெண்டாட்டியை அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். ஆயுத வியாபாரியைப் போர்முனைக்கே இழுத்துப் போகிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டிவிடுகிறான். சேரியை இடித்துத் தள்ளி, அங்கே அரசாங்கம் நல்ல வீடு கட்டிக்கொடுக்கும்படி செய்கிறான். மட்டமான கார் செய்கிற தொழிற்சாலையை நொறுக்குகிறான். இந்தச் சூப்பர்மேனைத்தான் முதலில் மறக்கடித்தார்கள். ஷேடோ மறக்கப்படுவதற்கும் முன்பே! எதிரிகள் மாறினார்கள்: சுரங்க முதலாளி போய்ப் பைத்தியக்கார விஞ்ஞானி வந்தான். ஆனால் மார்பில் இருந்த எழுத்து அங்கேயேதான் இருந்தது.

நான்காவது விடை: ஊடகம் மாறிவிட்டது, வானொலியும் சாணித்தாளும் போய்த் தொலைக்காட்சி வந்தது. இதில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. 1937-ல் ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்த ஷேடோ வானொலி நாடகம் 1954 டிசம்பர் வரை ஓடியது. பத்திரிகையோ 1949-லேயே நின்றுவிட்டது. அதாவது, கேட்க ஆள் இருக்கும்போதே கம்பெனி புத்தகத்தை நிறுத்தியிருக்கிறது. ஏன்? ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்திடம் பெண்களுக்கான பளபளப்புத் தாள் பத்திரிகைகள் இருந்தன. பத்து சென்ட், இருபது சென்ட் கொடுத்துக் கதை வாங்குகிறவனைவிட விளம்பரக்காரன் தரும் பணம் பெரிது. ஷேடோ, டாக் ஸாவேஜ் இரண்டுமே 1949 கோடை இதழோடு சரி. பத்து வருஷம் கழித்துக் கம்பெனியையே 'வோக்' பத்திரிகை நடத்தும் காண்டே நாஸ்ட் வாங்கியது. சாணித்தாள் நாயகர்கள் ஃபேஷன் பத்திரிகைக்காரர்களின் அலமாரிக்குள் போய்ப் படுத்தார்கள்.

5

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1949-ல் விழுந்தவர்கள் சாணித்தாள் நாயகர்கள் மட்டும் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு சூப்பர் ஹீரோக்களும் சரியத் தொடங்கிவிட்டார்கள். 'ஃப்ளாஷ்', 'கிரீன் லேண்டர்ன்' பெயரிலான இதழ்கள் அதே 1949-ல் நின்றன. நாற்பதுகளில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்திய கேப்டன் மார்வெல், சூப்பர்மேனின் காப்பி என்று தொடரப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்ததால் 1953-ல் நிறுத்தப்பட்டான். வாசகன் கைவிட்டான் என்றா சொல்வது? வக்கீல் நோட்டீஸ் கொன்றது என்றுதான் சொல்ல வேண்டும். 1972-ல் அவனை லைசென்ஸ் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தது யார் தெரியுமா? வழக்குப் போட்ட அதே கம்பெனி!

ஆக விழுந்தவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு. எழுந்த விதத்தில்தான் வேறுபாடு. 1956-ல் ஃப்ளாஷ் மறுபடி வந்தான். ஆனால் அவன் பழைய ஃப்ளாஷ் இல்லை. பழையவன் பெயர் ஜே காரிக். புதியவன் பாரி ஆலன். முகம் வேறு, உடை வேறு, வாழ்க்கைக் கதை வேறு. மிஞ்சியது ஒரு பெயர், வேகம் என்ற கருத்து, ஒரு மின்னல் கீற்று. மற்ற அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஒரு குறையும் வரவில்லை. கம்பெனிக்குத் தேவைப்பட்டது அந்த மின்னல் கீற்றுதான்.

டாக் ஸாவேஜ் 1964-ல் மறுபடி வந்தான். எப்படி? பேண்டம் புக்ஸ் நிறுவனம் முப்பதுகளின் நாவல்களையே பாக்கெட் புத்தகமாகப் போட்டது. ஜேம்ஸ் பாமா வரைந்த புதிய அட்டைகள், உள்ளே பழைய வாக்கியங்கள். நன்றாகவே விற்றது; 1990 வரை தொடர்ந்து மொத்தத்தையும் போட்டு முடித்தார்கள். ஆனால் அந்த விற்பனையால் நாவலுக்கு வெளியே அவனுக்கு ஒரு வாழ்வு அமையவில்லை. 1975-ல் எடுத்த சினிமா தோற்றது. டாக் ஸாவேஜ் என்பவன் டெண்ட்டின் வாக்கியங்களில் இருந்தான். அந்த மூச்சுவாங்கும் வேகத்தில், அத்தியாயத்தின் கடைசி வரியில் தொங்கவிடும் சாமர்த்தியத்தில் இருந்தான். அதிலிருந்து அவனைப் பிய்த்து எடுத்தால் கையில் வருவது கிழிந்த சட்டை போட்ட ஒரு பலசாலி மட்டும்தான்.

என் வாதம் இதுதான். சாணித்தாள் நாயகன் பிரதியோடு ஒட்டியவன். சூப்பர் ஹீரோ பிரதியிலிருந்து கழற்றக்கூடியவன். முன்னவன் வாழ வேண்டுமென்றால் ஒருவர் மாதாமாதம் ஐம்பதாயிரம் சொல் எழுத வேண்டும், இன்னொருவர் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். பின்னவன் வாழ ஒரு சின்னம் போதும். 1940-லேயே நியூயார்க் மேசிஸ் கடையின் ஊர்வலத்தில் சூப்பர்மேன் பலூனாகப் பறந்தான். பலூனுக்குக் கதை வேண்டியதில்லை. சாப்பாட்டு டப்பாவிலும் பனியனிலும் ஏறுவதற்கு எழுத்து தெரிந்த வாசகன் வேண்டியதில்லை.

'ஷேடோவுக்கும் கறுப்பு அங்கி, அகலத் தொப்பி, சிவப்புத் துணி எல்லாம் இருந்ததே?' என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அவன் முதலில் குரலாகப் பிறந்தவன், வானொலியில் கண்ணுக்கே தெரியாதவன். பார்க்க முடியாமையே அவனுடைய சாரம். அந்த உருவத்தை வைத்திருந்த கம்பெனிக்கும் அதை விடாமல் புழக்கத்தில் வைக்க வேண்டிய தேவை இல்லை. 1994-ல் பெரிய செலவில் படம் எடுத்தபோது, 1989-ன் பேட்மேன் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் கண்ணுக்கு அசல், நகலின் நகலாகத் தெரிந்திருக்கும்.

விதிவிலக்கு என்று சொல்லப்படுபவர்களும் இந்த விதிக்குள்தான் வருகிறார்கள். டார்ஸன் 1912-ல் சாணித்தாளில் பிறந்தவன்தான். 1918-லேயே சினிமாவுக்குப் போனான், 1929-ல் செய்தித்தாள் சித்திரத்துக்குப் போனான். அவனைப் படைத்த பர்ரோஸ் 1923-ல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி பதிவு செய்து உரிமையைத் தானே வைத்துக்கொண்டவர். 1919-ல் பிறந்த ஸாரோவுக்கு அடுத்த வருஷமே படம். அந்தப் படத்தின் கறுப்பு உடையைப் பிறகு எழுத்தாளரே தன் கதைக்குள் எடுத்துக்கொண்டார். 1936-ல் ராபர்ட் ஹோவர்ட் இறந்ததோடு முடங்கிய கோனன், 1966-ல் ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவின் அட்டை ஓவியங்களோடு எழுந்து, 1970-ல் காமிக்ஸுக்குள் போனான். படத்துக்குள் போனவர்கள் பிழைத்தார்கள். சொல்லுக்குள் தங்கியவர்கள் சொல்லோடு போனார்கள்.

மேலே மூன்றாவது விடையில் விட்ட சிக்கலும் இங்கே அவிழ்கிறது. ஷேடோ நாவலில் உள்ள இனவெறி அச்சில் இருக்கிறது. வாக்கியத்தைத் திருத்தினால் நாவலே வேறாகிவிடும். சின்னத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கழுவித் துடைத்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். 1973-ல் மார்வெல் உண்டாக்கிய ஷாங்-சி என்ற நாயகன், சாணித்தாள் யுகத்தின் மோசமான சீனப் பூச்சாண்டியான ஃபூ மாஞ்சுவின் மகனாகத்தான் அறிமுகமானான். 2021-ல் படம் வந்தபோது அப்பனின் பெயரும் ஜாதகமும் மாறியிருந்தன. மகன் உலகப்புகழ் பெற்றான். பழைய நாயகர்கள் பாவத்தால் மங்கினார்கள் என்பது சரியில்லை. பாவத்தைக் கழுவ முடியாத வடிவத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சட்டமும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பிரதிக்குப் பதிப்புரிமை, அது ஒரு நாள் தீரும். அமெரிக்காவில் 1998-ல் அதை இருபது வருஷம் நீட்டினார்கள். அப்படியும் 1938-ன் அந்த முதல் சூப்பர்மேன் கதை 2034 தொடக்கத்தில் பொதுச்சொத்தாகிவிடும். சின்னத்துக்கோ டிரேட்மார்க், விற்றுக்கொண்டே இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. கதை எல்லாருக்கும் சொந்தமான பிறகும் மார்பில் உள்ள எழுத்துக்காகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக முடியும்.

6

இந்தக் கழற்றலுக்கு ஒரு விலை உண்டு. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் முழுமையாகும்.

பிரதியிலிருந்து நாயகனைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அவனைச் செய்த கையிலிருந்து கழற்ற வேண்டும். 1938 மார்ச்சில் சீகலும் ஷூஸ்டரும் 13 பக்கக் கதைக்கு, பக்கம் பத்து டாலர் வீதம் 130 டாலர் வாங்கிக்கொண்டு சூப்பர்மேனின் சகல உரிமையையும் எழுதிக்கொடுத்தார்கள். 1947-ல் வழக்குப் போட்டார்கள். சமரசப் பணம் கொடுத்து அனுப்பினார்கள், கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் போயிற்று. 1975-ல், சினிமா தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், பத்திரிகைகளில் அவமானம் கிளம்பிய பிறகுதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும் 'படைத்தவர்கள்' என்ற வரியும் கிடைத்தன. அந்த 130 டாலரும் சேர்ந்திருந்த காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போயிற்று. உழைப்புக்கு 130, அந்த உழைப்பை ஏமாற்றிய காகிதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல்!

பேட்மேனின் பாதிக்கு மேல் யோசித்த பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். ஒப்பந்தப்படி பாப் கேன் பெயர் மட்டுமே போடப்பட்டு வந்தது. ஃபிங்கரின் பெயர் திரையில் வந்தது 2015-ல், செத்து 41 வருஷம் கழித்து. மார்வெல் உலகின் பாதியை வரைந்த ஜாக் கிர்பியின் குடும்பத்தோடு 2014-ல்தான் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனியை 2009-ல் டிஸ்னி வாங்கிய விலை சுமார் 400 கோடி டாலர்.

கிப்ஸனுக்கும் ஷேடோவில் உரிமை இல்லை, டெண்ட்டுக்கும் டாக் ஸாவேஜில் உரிமை இல்லை. சாணித்தாள் யுகத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று அளந்து கொடுத்த சுரண்டல்தான் அது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கிப்ஸன் எழுதுவதை நிறுத்தியபோது ஷேடோ தடுமாறினான், வாசகனுக்கு அது தெரிந்தது. எழுதியவரின் கையை முழுசாக மறைக்க முடியவில்லை. காமிக்ஸ் கம்பெனிகள் இதைத்தான் தீர்த்துக்கட்டின. ஒருவரை நீக்கினால் அடுத்த மாதம் இன்னொருவர் வரைவார், சின்னம் தடுமாறாது.

இதன் உச்சம் 2005. மார்வெல், தானே படமெடுக்க மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டது. அடமானம்? பத்து கதாபாத்திரங்களின் சினிமா உரிமை. கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன், மேலே சொன்ன ஷாங்-சி எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. இவர்களில் பலரைக் காமிக்ஸ் படிக்கிறவர்களைத் தவிர அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முதலில் அடகுக்குப் போனார்கள், பிறகுதான் புகழ் பெற்றார்கள். 'புகழ் இருந்ததால் விற்றது' என்ற நண்பரின் வரிசையை இங்கே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

7

இரும்புக்கை மாயாவிக்கே திரும்பி வருகிறேன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுக்க மறைந்துபோகும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் கையை வரைந்தவர் ஸ்பானியரான ஹெஸூஸ் பிளாஸ்கோ. அக்கால பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. சிறு வயதில் அவனைப் படித்த எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. கதையில் ஆள் மறைந்து கை தெரிந்தது. கதைக்கு வெளியே கை மறைந்து ஆள் மட்டும் தெரிந்தான்.

நாயகர்களைப் பற்றிய இந்தக் கவலை எழுத்தாளருக்கும் இயக்கத்தவருக்கும் எதற்கு என்று கேட்கலாம். 1960-ல் கோர்டா எடுத்த புகைப்படத்திலிருந்து சே குவேரா எப்படிக் கழற்றப்பட்டுப் பனியனில் ஏறினார் என்பதை நாம் அறிவோம். கோர்டாவுக்கும் அதில் பல வருஷம் காசு வரவில்லை; சேயின் எழுத்துக்கும் அதனால் வாசகர் கூடவில்லை. நம் தலைவர்களின் சிலைக்கும் அவர்கள் நூல்களுக்கும் உள்ள தூரத்தை அவரவர் அளந்து பார்த்துக்கொள்ளலாம். சின்னம் ஜெயிக்கும்போது நம்முடையது ஜெயித்துவிட்டது என்று கைதட்டுகிறோம். எதிலிருந்து கழற்றிய பிறகு அது ஜெயித்தது என்று கேட்பதில்லை.

அந்த நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம். நின்றது தரம் இல்லை தோழர், நின்றது கழற்றக்கூடியது. மங்கியவர்களைப் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அந்தப் பழுப்பேறிய சாணித்தாளில் வாக்கியம் இன்னும் நாயகனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது; வாக்கியத்துக்குப் பின்னால் ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்த ஒரு ஆள் இருக்கிறார். அவர் செய்த அநீதியும் அங்கே இருக்கிறது, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் இருக்கிறது. இரண்டையும் துடைத்து எடுக்க இன்னும் யாருக்கும் முடியவில்லை.